கப்பல் கட்டத் துணிந்த வால்சந்த்

மலை சூழ்ந்த புனே நகரில் இருந்துகொண்டு கப்பலைப் பற்றி எழுதுவது சிலருக்கு நகைப்பாகத் தோன்றலாம். முத்தாவும் மூளாவும் கூடுகின்ற இவ்வூரில் மழைக்காலத்தில் தோணி விடலாமேயன்றிக் கப்பல் விட முடியாது. ஆயினும், இந்திய நாட்டில் கப்பல் கட்டும் தொழிலுக்குப் புத்துயிர் அளித்த பெருமகன் ஒருவர், இந்த மராட்டிய மண்ணில், கடலுக்கு வெகு தொலைவில் உள்ள ஷோலாப்பூரில் பிறந்தவர். நம் புனேயின் டெக்கான் கல்லூரியில் பயின்றவர். அவர்தாம் வால்சந்த் ஹிராசந்த்.

தமிழ் மாணவர்களாகிய நமக்குக் கப்பல் என்றவுடன் நினைவுக்கு வருபவர் வ. உ. சிதம்பரனார். அது முறையே. ஆனால் சிதம்பரனார் தொடங்கிய வழியில், அவர் வீழ்த்தப்பட்ட இடத்திலிருந்து மேலும் சில காதம் நடந்து சென்றவர் வால்சந்த். ஒருவரை அறிந்த நாம் மற்றவரையும் அறிந்துகொள்ள வேண்டும். பொறியியல் பயின்று, இனி எந்தத் துறையில் புகுவது என்று எண்ணிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு இவ்வரலாறு பயன்படும் என்று நம்புகிறேன்.

இளமையும் படிப்பும்

வால்சந்த் 1882ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் பிறந்தார். குடும்பத்தார் குஜராத்திலிருந்து வந்து ஷோலாப்பூரில் தங்கிய சமண வணிகர்கள். வட்டித் தொழிலும் பருத்தி வாணிபமும் அவர்களுடைய குலத்தொழில். பள்ளிப் படிப்பை முடித்த வால்சந்த், பம்பாயில் தூய சவேரியார் கல்லூரியிலும், பின்னர்ப் புனேயில் டெக்கான் கல்லூரியிலும் பயின்றார். பட்டம் பெறும் முன்பே படிப்பு நின்றது. குடும்பத் தொழில் அவரை அழைத்துக்கொண்டது. பிற்காலத்தில் அவர் பெயரால் ஒரு பொறியியல் கல்லூரியே விளங்குகிறது. ஆனால் அவர் பொறியியல் படித்தவர் அல்லர். எந்தப் பட்டமும் பெற்றவர் அல்லர்.

தந்தையின் கடையில் உட்கார்ந்து வட்டிக் கணக்கு எழுதுவதில் அவர் மனம் செல்லவில்லை. இரயில்வேயில் எழுத்தராக இருந்த லட்சுமண்ராவ் பாட்டக் என்பவர் ஒப்பந்த வேலையில் நுணுக்கம் அறிந்தவர். அவரிடம் அறிவு இருந்தது, பணம் இல்லை; இவரிடம் பணம் இருந்தது, தொழில் அனுபவம் இல்லை. இருவரும் கூடினர். பார்சி சிறு இரயில்பாதையில் ஒரு பகுதியை அமைக்கும் வேலையுடன் அக்கூட்டு தொடங்கியது. ஒப்பந்த வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பம்பாய்க்குக் குடிநீர் கொண்டுவரும் தான்சா குழாய்த் திட்டத்திலும், பம்பாய்க்கும் புனேக்கும் இடையே போர்க் கணவாயில் சுரங்கப் பாதை அமைக்கும் பணியிலும் அவருடைய நிறுவனங்கள் ஈடுபட்டன. விடுமுறைக்கு ஊர் திரும்பி மீண்டும் பம்பாய் வழியாகப் புனே வரும் நண்பர்கள், கண்டாலாவுக்கு அருகில் வண்டி இருளுக்குள் புகுந்து வெளிவரும்போது இவரை ஒருகணம் நினைத்துக்கொள்ளலாம். 1926இல் அவர் நிறுவிய இந்துஸ்தான் கட்டுமான நிறுவனம் பின்னாளில் நாட்டின் பெரிய அணைகளையும் பாலங்களையும் கட்டியது.

நிற்க. இவ்வளவும் தரையில் நிகழ்ந்தவை. கடலுக்கு அவர் எப்படி வந்தார்?

பழைய கப்பலும் புதிய நிறுவனமும்

முதல் உலகப்போர் முடிந்த நேரம். 1919ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டில்லியிலிருந்து பம்பாய்க்கு இரயிலில் வந்துகொண்டிருந்த வால்சந்த், உடன் வந்த ஓர் ஆங்கிலேயர் வாயிலாக, குவாலியர் மன்னர் தம் கப்பல் ஒன்றை விற்க விரும்புகிறார் என்று அறிந்தார் என்பர். அக்கப்பலின் பெயர் லாயல்டி. அது முதலில் கனடா நாட்டு நிறுவனம் ஒன்றுக்காக இங்கிலாந்தில் கட்டப்பட்டு, 1891 முதல் பசிபிக் பெருங்கடலில் பயணிகளை ஏற்றிச் சென்றது. போர்க்காலத்தில் குவாலியர் மன்னர் அதனை வாங்கி மருத்துவக் கப்பலாக்கினார். ஏறத்தாழ 6,000 டன் அளவுடையது.

வால்சந்த் இரயிலை விட்டு இறங்கியவுடன் பணம் திரட்டுவதில் முனைந்தார். நரோத்தம் மொரார்ஜி, கிலாசந்த் தேவ்சந்த், லல்லுபாய் சாமல்தாஸ் ஆகியோர் அவருடன் இணைந்தனர். மார்ச்சு மாதத்தில் சிந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் உருவாயிற்று. மன்னரின் குடிப்பெயரே நிறுவனத்தின் பெயர் ஆயிற்று. 1919 ஏப்ரல் 5ஆம் நாள் லாயல்டி பம்பாய்த் துறைமுகத்திலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. இந்தியருக்கு உரிமையான பெருங்கப்பல் ஒன்று ஐரோப்பா நோக்கிச் சென்ற அந்நாளையே, 1964 முதல் நம் நாடு தேசியக் கடல்வழி நாளாகக் கொண்டாடி வருகிறது.

கொண்டாட்டம் பின்னால் வந்தது. அன்று இருந்தது கவலையே. லாயல்டி வயது முதிர்ந்த கப்பல். அதனால் வந்த வரவை விடச் செலவு மிகுதி. நான்கே ஆண்டுகளில், 1923இல், அது உடைக்கப்பட்டது. நிறுவனம் வேறு சரக்குக் கப்பல்களை வாங்கிப் பிழைத்தது. அங்ஙனம் பிழைத்ததும் எளிதில் அன்று.

பழைய பகைவர்

இந்தியக் கடற்கரை முழுவதும் அந்நாளில் ஒரே நிறுவனத்தின் ஆட்சியில் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் என்பது அதன் பெயர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் நிறுவனத்தை எதிர்த்து நின்றதும் இதுவே. 1906இல் சிதம்பரனார் நிறுவனத்தைத் தொடங்கினார். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்தன. எதிரி நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, இறுதியில் இலவசமாகவே ஏற்றிச் செல்லவும், குடை ஒன்றைக் கையில் கொடுத்து அழைக்கவும் முன்வந்தது என்று நம் ஊரில் இன்றும் சொல்வர். 1908இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. அவர் 1912 இறுதியில் வெளிவந்தபோது கப்பல்களும் இல்லை, நிறுவனமும் இல்லை.

அதே நிறுவனம், அதே முறையை, சிந்தியாவின் மீதும் கையாண்டது. இரங்கூனிலிருந்து அரிசி ஏற்றிவரும் கட்டணம் அடிமட்டத்துக்கு இறக்கப்பட்டது. பெரிய நிறுவனத்துக்கு உலகெங்கும் வருவாய் உண்டு; ஓரிடத்தில் நட்டப்பட்டாலும் வேறிடத்தில் ஈடுசெய்துகொள்ளும். சிந்தியாவுக்கு அந்த வசதி இல்லை. ஆயினும் சிந்தியா மூழ்கவில்லை. காரணம் என்ன? மூலதனம் பெரிது, பங்குதாரர் பலர், அதன் தலைவர்கள் சிறையில் இல்லை. சிதம்பரனாரிடம் இருந்த துணிவு குறைவானது என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் காலமும் பொருளும் ஆட்சியாளரின் கடுமையும் இரு நிறுவனங்களுக்கும் வேறுவேறாய் அமைந்தன.

1923இல் சிந்தியா ஓர் உடன்படிக்கைக்கு இணங்கியது. பத்தாண்டுகளுக்கு அதன் கப்பல்கள் 75,000 டன் அளவுக்கு மேல் பெருகக்கூடாது. கடலோரச் சரக்கு வாணிபத்தோடு நின்றுகொள்ள வேண்டும். கடல்கடந்த வாணிபத்தில் தலையிடக்கூடாது. இதற்கு ஈடாகக் கட்டணப் போர் நின்றது. வால்சந்த் இவ்வுடன்படிக்கையை மனமார விரும்பியவர் அல்லர். ஆனால் கப்பல்கள் கையில் இருந்தால் மறுநாள் போராடலாம். இல்லையேல் அதுவும் இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார். வீரம் என்பது எப்போதும் மோதுவதில் மட்டும் இல்லை. சில வேளைகளில் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பதிலும் இருக்கிறது.

இதற்கிடையே இந்திய இளைஞர்களுக்குக் கப்பல் தொழிலில் பயிற்சி வேண்டும் என்ற குரல் வலுத்தது. அரசு அமைத்த குழு ஒன்று இதை ஆராய்ந்தது. அதன் பயனாக 1927இல் பம்பாயில் டப்ரின் என்னும் பயிற்சிக் கப்பல் ஏற்பட்டது. கடலோர வாணிபத்தை இந்தியக் கப்பல்களுக்கே ஒதுக்க வேண்டும் என்று சட்டமன்றத்தில் 1928இல் ஹாஜி ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். அது சட்டமாகவில்லை. 1929இல் நரோத்தம் மொரார்ஜி விபத்தில் இறந்தார். சிந்தியாவின் தலைமைப் பொறுப்பு வால்சந்திடம் வந்தது. 1950 வரை, இருபது ஆண்டுகளுக்கு மேல், அவர் அதைச் சுமந்தார்.

வாங்குவதும் கட்டுவதும்

கப்பலை வாங்கி ஓட்டுவது வேறு, கட்டுவது வேறு. வாங்குகிறவன் என்றும் விற்கிறவனை எதிர்பார்த்திருக்க வேண்டும். போர் வந்தால் விற்கிறவன் தன் தேவைக்கே கப்பலை வைத்துக்கொள்வான். பழுது நேர்ந்தால் அவன் நாட்டுக்கே கப்பலை அனுப்ப வேண்டும். ஆகவே, கப்பல் கட்டும் தளம் ஒன்று இந்தியாவிலேயே வேண்டும் என்ற எண்ணம் வால்சந்தின் உள்ளத்தில் வேரூன்றியது.

இந்தியர் கப்பல் கட்டத் தெரியாதவரா? அல்லர். பம்பாயில் வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேக்குமரக் கப்பல்களைக் கட்டினார்கள். ஆங்கிலக் கடற்படைக்காக அவர்கள் 1817இல் கட்டிய டிரிங்கோமலி என்னும் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. இருநூறு ஆண்டுகள் கடந்தும் அழியாத தேக்கு அது! அக்குடும்பத்தைச் சேர்ந்த ஆர்தசீர் கர்செட்ஜி, நீராவி எந்திரத்தில் வல்லவராகி, 1841இல் இலண்டன் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார். அப்பெருமை பெற்ற முதல் இந்தியர் அவரே.

பின் ஏன் அக்கலை மங்கியது? மரம் போய் இரும்பு வந்தது. பாய் போய் நீராவி வந்தது. எஃகு ஆலையும் எந்திரத் தொழிற்சாலையும் உள்ள நாடே கப்பல் கட்ட முடியும் என்ற நிலை ஏற்பட்டது. நம்மிடம் தச்சர் இருந்தனர், எஃகு இல்லை. ஜாம்ஷெட்பூரில் டாட்டா எஃகு ஆலை வந்தபின் எஃகு கிடைத்தது. ஆனால் கணக்கிட்டு வரைந்து தரும் கப்பல் பொறியியலர் இல்லை.

இங்கே, கப்பல் பொறியியல் என்பது யாது என்று சிறிது விளக்குவது நன்று. வீடு கட்டுகிறவனுக்குத் தரை அசையாது என்ற உறுதி உண்டு. கப்பல் கட்டுகிறவனுக்கு அது இல்லை. கப்பல் தன் எடைக்கு நிகரான நீரை விலக்கி மிதக்கிறது. அது ஒருபக்கம் சாய்ந்தால் நீர் அதனை மேல்நோக்கித் தாங்கும் மையமும் இடம் மாறுகிறது. அம்மாற்றம் கப்பலை நிமிர்த்துமா, கவிழ்க்குமா என்பதை முன்னரே கணக்கிட வேண்டும். சரக்கை மேல்தட்டில் மிகுதியாக ஏற்றினால் எடையின் மையம் உயர்ந்து கப்பல் கவிழும். மிகவும் கீழே ஏற்றினால் அது வெடுக்கென்று நிமிர்ந்து, ஊசலாடி, மாலுமிகளை வதைக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவைக் காண்பதே கலை.

இன்னும் உண்டு. நீளமான கப்பலின் நடுவே பேரலை ஒன்று தாங்கும்போது இரு முனைகளும் தொங்குகின்றன. இரு முனைகளை இரு அலைகள் தாங்கும்போது நடுப்பகுதி தொய்கிறது. ஒரே பயணத்தில் இது பல்லாயிரம் முறை நிகழும். அடியில் ஓடும் ஏராவும், அதிலிருந்து விலா எலும்புபோல் எழும் வங்குகளும், மேலே போர்த்திய எஃகுத் தகடுகளும் இதைத் தாங்க வேண்டும். நீரைக் கிழித்துச் செல்ல எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதை அறியச் சிறு மாதிரியைத் தொட்டியில் இழுத்துப் பார்க்கும் முறையை, வில்லியம் புரூடு என்னும் ஆங்கிலப் பொறியியலர் 1870களில் வகுத்தார். பாய்ம இயலும் கட்டட இயலும் உலோக இயலும் எந்திர இயலும் ஒன்றுகூடும் துறை இது. இத்தனையும் கற்ற இந்தியர் அன்று மிகச் சிலரே. வால்சந்த் வெளிநாட்டு வல்லுநரின் துணையோடுதான் தம் தளத்துக்குத் திட்டமிட வேண்டியிருந்தது.

விசாகப்பட்டினம்

முதலில் கல்கத்தாவில் இடம் தேடினார், கைகூடவில்லை. பிறகு விசாகப்பட்டினத்தைத் தேர்ந்தார். அவ்விடம் பல வகையிலும் பொருத்தமானது. டால்பின் மூக்கு எனப்படும் குன்று கடலுக்குள் நீண்டு புயலையும் அலையையும் தடுக்கிறது. 1933இல் திறக்கப்பட்ட துறைமுகம் ஆழமுடையது. ஜாம்ஷெட்பூர் எஃகும் வங்க நிலக்கரியும் இரயில் வழியே வந்து சேரும்.

1941 ஜூன் 21ஆம் நாள் இராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். அப்பொழுது இரண்டாம் உலகப்போர் உச்சத்தில் இருந்தது. கப்பல்கள் எவ்வளவு இருந்தாலும் போதாத காலம். ஆயினும் ஆங்கில அரசு இத்தளத்துக்குக் கைகொடுக்க முன்வரவில்லை. எந்திரங்களை இறக்குமதி செய்வது பெரும்பாடாயிற்று. அடுத்த ஆண்டு, 1942 ஏப்ரல் 6ஆம் நாள், ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்தின் மீது குண்டு வீசின. நகரத்து மக்கள் வெளியேறினர். தளத்தின் வேலை நின்றது. அடிக்கல்லைச் சுற்றிப் புல் முளைக்கும் என்றே பலரும் எண்ணியிருப்பர்.

வால்சந்த் அவ்வாறு எண்ணவில்லை. போரின் அலை தணிந்ததும் வேலை மீண்டும் தொடங்கிற்று. 1946இல் முதல் கப்பலின் ஏரா இடப்பட்டது. நாடு விடுதலை பெற்ற ஏழாம் மாதத்தில், 1948 மார்ச்சு 14ஆம் நாள், பிரதமர் நேரு ஜல உஷா என்னும் அக்கப்பலை நீரில் இறக்கி வைத்தார். 8,000 டன் சரக்கேற்றும் நீராவிக் கப்பல் அது. நீரின் வைகறை என்று அதன் பெயருக்குப் பொருள் கொள்ளலாம்.

கப்பலை நீரில் இறக்குவது காண்போருக்கு விழா, பொறியியலருக்கோ தேர்வு. சாய்தளத்தில் கொழுப்புத் தடவிய கட்டைகளின் மேல் பல்லாயிரம் மணி நேர உழைப்பு வழுக்கிச் செல்கிறது. பின்புறம் முதலில் நீரைத் தொடுகிறது. நீர் அதனைத் தூக்குகிறது. அவ்வேளையில் கப்பலின் எடையில் பெரும்பகுதி, இன்னும் தளத்தின்மேல் இருக்கும் முன்புறமாகிய அணியத்தில் குவிகிறது. கணக்கு தவறினால் தளமோ கப்பலோ நொறுங்கும். நீர்மட்டம் குறைந்திருந்தால் கப்பல் பின்னால் குப்புறச் சாயும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். திருத்துவதற்கு வாய்ப்பே இல்லை. ஜல உஷா அத்தேர்வில் தேறியது.

வானும் சாலையும்

கப்பலோடு அவர் நிற்கவில்லை. 1939இல் பசிபிக் கடலைக் கடக்கும் விமானப் பயணத்தில் பாலி என்ற அமெரிக்கரைச் சந்தித்தார். அச்சந்திப்பின் விளைவாக, மைசூர் அரசின் கூட்டுறவோடு 1940 டிசம்பரில் பெங்களூரில் விமானத் தொழிற்சாலை ஏற்பட்டது. போர்க்கால நெருக்கடியில் 1942இல் அரசு அதனை எடுத்துக்கொண்டது. அதுவே இன்றைய எச்.ஏ.எல். நிறுவனம். 1944இல் பிரீமியர் மோட்டார்க் கார்த் தொழிற்சாலையை நிறுவினார்.

நம் புனே மாவட்டத்திலேயே, இந்தாப்பூர் வட்டத்தில், வறண்டு கிடந்த நிலத்தில் 1930களில் கரும்பு பயிரிட்டுச் சர்க்கரை ஆலை அமைத்தார். அவ்வூர் வால்சந்த்நகர் என்றே வழங்குகிறது. ஆலைக்கு வேண்டிய எந்திரங்களைச் செய்த அத்தொழிற்சாலை, பின்னாளில் கடற்படைக் கப்பல்களுக்குப் பற்சக்கரப் பெட்டிகளையும் விண்வெளி ஏவுகலங்களுக்கு உறுப்புகளையும் செய்யும் அளவுக்கு வளர்ந்தது. கடலே இல்லாத ஊரிலிருந்து கப்பலுக்கு உறுப்பு செல்கிறது. கப்பல் தொழில் கடற்கரையோடு முடிவதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

குறையும் நிறையும்

வால்சந்த் குறையற்றவர் அல்லர். ஒரு தொழில் வேரூன்றும் முன்பே அடுத்ததில் கால் வைப்பார். பங்குதாரர் பணத்தைப் பெருந்துணிவோடு செலவிடுவார். அவருடைய நிறுவனங்கள் பல, கடனின் விளிம்பில் நின்று தப்பியவை. நாட்டுப்பற்றும் இலாப நோக்கும் அவரிடம் கலந்தே இருந்தன. அவற்றைப் பிரித்துக் காண்பது அரிது. ஆனால், இலாபம் ஒன்றே கருதியவர் கப்பல் கட்டும் தொழிலுக்கு வந்திருக்க மாட்டார். வட்டித் தொழில் அவருக்கு வீட்டிலேயே இருந்தது.

கப்பல் தளமும் அவருக்கு இலாபம் தரவில்லை. விசாகப்பட்டினத்தில் கட்டிய கப்பலின் விலை, இங்கிலாந்தில் கட்டியதை விட மிகுதியாயிற்று. எஃகைத் தவிர எந்திரமும் கருவிகளும் வெளியிலிருந்தே வர வேண்டியிருந்தன. தொழிலாளர் அப்பொழுதுதான் கற்றுக்கொண்டிருந்தனர். விலை வேறுபாட்டை அரசு கொடுத்தாலன்றித் தளம் நடவாது என்ற நிலை வந்தது. 1949இல் வால்சந்த் பக்கவாதத்தால் தாக்கப்பட்டார். ஓடிக்கொண்டே இருந்த மனிதர் நாற்காலியில் அமர்ந்தார். 1950இல் பொறுப்புகளிலிருந்து விலகினார். 1952 ஜனவரியில் தளத்தின் மூன்றில் இரண்டு பங்கை அரசு ஏற்றது. இந்துஸ்தான் கப்பல் தளம் என்று அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. 1961இல் முழுவதும் அரசுடைமையாயிற்று. தாம் பெற்ற குழந்தை பிறர் கையில் வளர்வதை அவர் நோயுற்ற நிலையில் கண்டார்.

1953 ஏப்ரல் 8ஆம் நாள் குஜராத்தில் சித்தபூரில் அவர் மறைந்தார். லாயல்டி புறப்பட்ட நாளுக்கு முப்பத்துநான்கு ஆண்டுகளும் மூன்று நாட்களும் கழிந்திருந்தன.

நமக்கு என்ன?

வால்சந்திடம் பணம் இருந்தது, இடம் கிடைத்தது, எஃகு கிடைத்தது, பிரதமரே வந்து கப்பலை இறக்கினார். கிடைக்காதது ஒன்றே: கப்பலை வரைந்து கணக்கிடும் இந்திய இளைஞர் கூட்டம். அரசு ஏற்ற பிறகும் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியை நாட வேண்டியிருந்தது. தளத்தைச் சில ஆண்டுகளில் கட்டிவிடலாம். ஆளை உருவாக்க ஒரு தலைமுறை வேண்டும்.

அந்தக் குறையை நீக்கும் முயற்சி தளம் அரசிடம் சென்ற அதே 1952இல் தொடங்கியது. காரக்பூர் ஐ.ஐ.டி.யில் கப்பல் பொறியியல் துறை அவ்வாண்டு ஏற்பட்டது. கொச்சிப் பல்கலைக்கழகத்தில் 1975இல் கப்பல் தொழில்நுட்பத் துறை வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் கடல் பொறியியல் துறை இருக்கிறது. 2008இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் விசாகப்பட்டின வளாகத்தில், வால்சந்தின் தளம் உள்ள அதே ஊரில், கப்பல் பொறியியல் கற்பிக்கப்படுகிறது. நம் புனேக்கு அருகில் லோணாவ்லாவில் உள்ள ஐ.என்.எஸ். சிவாஜியில் 1945 முதல் கடற்படையினர் கப்பல் எந்திரவியல் பயில்கின்றனர். கொச்சியில் கட்டப்பட்டு 2022இல் கடற்படையில் சேர்ந்த விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பல், நம்மவர் வரைந்து நம்மவர் கட்டியது.

ஆயினும் பெருமைப்பட்டு ஓய்ந்துவிட இடமில்லை. இன்று உலகில் கட்டப்படும் வாணிபக் கப்பல்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சீனம், கொரியா, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளில் கட்டப்படுகின்றன. நம் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. வால்சந்த் தளம் அமைத்த காலத்தில் கொரியாவில் பெருங்கப்பல் கட்டும் தொழில் குறிப்பிடத்தக்க அளவில் இல்லை. அவர்கள் பின்னால் வந்து முன்னால் சென்றுவிட்டனர்.

இத்துறையில் புக விரும்பும் நண்பர்கள் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும். கணக்கிலும் இயற்பியலிலும் ஆர்வம் இல்லாதவருக்கு இது உகந்ததன்று. கடற்பயணம் செய்யும் எந்திரப் பொறியியலர் வேறு, கப்பலை வரையும் பொறியியலர் வேறு. முதலாமவர் கடலிலும் மற்றவர் தளத்திலும் வரைவுக் கூடத்திலும் பணிபுரிவர். எந்திரவியலோ கட்டடவியலோ படிக்கின்றவரும் மேற்படிப்பில் இத்துறைக்கு மாறலாம். வேலை வாய்ப்புகள் மற்றத் துறைகளைப்போல் ஆயிரக்கணக்கில் இல்லை. தளங்கள் செழிக்கும் காலமும் உண்டு, ஆணைகளின்றி வாடும் காலமும் உண்டு. இதை மறைத்து ஆசை காட்டுவது முறையன்று. ஆனால் கற்றவர் குறைவாக உள்ள துறையில், கற்றவரின் மதிப்பு குறைவதில்லை.

தூத்துக்குடியில் ஒருவர் கப்பல் வாங்கிச் சிறை சென்றார். ஷோலாப்பூரில் பிறந்த ஒருவர் கப்பல் வாங்கி, கட்டணப் போரைத் தாங்கி, கட்டும் தளத்தையும் அமைத்துவிட்டு மறைந்தார். வாங்குதல், ஓட்டுதல், கட்டுதல் என்னும் மூன்று படிகளை அவர்கள் காலம் கடந்துவிட்டது. வரைதல் என்னும் நான்காம் படி படித்தவர்களுக்கு உரியது. அடுத்த முறை போர்க் கணவாயின் சுரங்க இருளில் வண்டி நுழையும்போது, பட்டம் பெறாத அம்மனிதர் பட்டம் பெறப்போகும் நமக்கு விட்டுச்சென்ற வேலை இது என்பதை எண்ணிப் பார்ப்போமாக.